அளப்பவரும் வசூலிப்பவரும்



மதுரையிலிருந்து அழகர்கோவிலுக்கு வருகிற இருபது கிலோமீட்டர்ச் சாலையில், இன்ன இடத்தோடு நகரம் முடிந்தது, இன்ன இடத்தில் கிராமம் தொடங்கிற்று என்று கண்ணால் பார்த்துச் சொல்வது இப்போது சாத்தியமில்லை; அதைத் திட்டமாகச் சொல்லவல்லது வீட்டுக்காரர் பீரோவில் வைத்திருக்கும் வரி ரசீது ஒன்றுதான். ஒரு வீட்டின் ரசீதில் மாநகராட்சியின் பெயரும் வார்டும் வரிவிதிப்பு எண்ணும் அரையாண்டுக் கணக்கும் அச்சாகியிருக்கும். சற்றுத் தள்ளியுள்ள வீட்டின் ரசீதிலோ ஊராட்சியின் பெயரும் வீட்டு வரி என்ற தலைப்பும் காணப்படும். இரண்டு வீடுகளையும் ஒரே கொத்தனார் கட்டியிருக்கலாம். வரியில் மட்டும் பெரிய வித்தியாசம்.

சிறுசிறு ஸ்தல ஸ்தாபனங்கள் தனித்தனியே வரி இலாகா வைத்துக்கொண்டு சிரமப்படுவதைவிட, ஒரே நிர்வாகத்தின் கீழ் வருவது உத்தமம் என்ற அபிப்பிராயம் புதிதன்று. 1866-இல் நகராட்சியாகத் தோன்றி 1971-இல் மாநகராட்சியான மதுரை, 2011-இல் ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம், விளாங்குடி முதலிய ஊர்களையும் பல ஊராட்சிகளையும் தன்னுள் சேர்த்துக்கொண்டு, சுமார் 52 சதுர கிலோமீட்டரிலிருந்து 148 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 72 வார்டுகள் 100 ஆயின. ஊர்களின் எல்லையை ஓர் உத்தரவில் அழித்துவிடலாம்; வரிப் பதிவேடுகள் அவ்வளவு சுலபத்தில் ஒன்றுசேர்வதில்லை. கூரைக்கு ஒரு விகிதம், ஓட்டுக்கு ஒரு விகிதம், கான்கிரீட்டுக்கு ஒரு விகிதம் என்று எழுதிவைத்த ஊராட்சிப் புத்தகத்தை, சதுர அடியும் தெருவின் மதிப்பும் கட்டடத்தின் உபயோகமும் பார்த்து வரி போடுகிற நகரத்துக் கணக்கோடு பொருத்த வேண்டுமானால், வாசலுக்கு வாசல் மறுபடியும் டேப்பைப் பிடித்தாக வேண்டும்.

2025-இன் தொடக்கத்தில், மேலும் பல ஊராட்சிகளை நகரங்களோடு இணைக்கும் உத்தேசத்தைத் தமிழ்நாடு அரசு வெளியிட்டபோது, நூறு நாள் வேலை போய்விடுமே, வரி ஏறிவிடுமே என்று கிராமத்து ஜனங்கள் ஆட்சேபித்தார்கள். அந்தப் பயத்தை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. 2022-இல் நடந்த சீராய்வில், மதுரை போன்ற நகரங்களில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 சதவீதமும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டதற்கு 100 சதவீதமும் சொத்துவரி உயர்ந்ததை அவர்களும் அறிவார்கள்.

இணைப்பின் கூடவே வருவது, வேலையைக் காண்ட்ராக்டுக்கு விடும் யோசனை. மாநகராட்சிப் பணியிடங்கள் பலவற்றை வெளியார் மூலம் நிரப்ப வகைசெய்த 2022-ஆம் ஆண்டின் 152-ஆம் எண் அரசாணையைத் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. வடக்கே ராஞ்சி மாநகராட்சி சொத்துவரி வசூலையே தனியார் நிறுவனத்தின் பொறுப்பில் விட்டது. இதை ஏதோ நவீன விஷயம் என்று எண்ணுகிறவர்கள், மதுரையில் கான்சா மேட்டுத் தெரு என்று ஒரு தெரு இருப்பதை நினைத்துக்கொள்ளலாம். அந்தப் பெயருக்குரிய கான் சாஹிப் என்கிற யூசுப் கான், ஆற்காட்டு நவாபின் காலத்தில் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஒரு தொகைக்குக் குத்தகையாக ஏற்று, வரி தண்டி, படை வைத்து, ஆட்சியும் நடத்தினார். குத்தகைக்காரர் குடிகளிடம் எவ்வளவு வாங்குகிறார் என்பதைவிடத் தமக்குச் சேரவேண்டியது சேர்கிறதா என்பதே மேலிடத்தின் கவலையாயிருந்த ஏற்பாடு அது. பிறகு குத்தகை பெற்றவருக்கும் கொடுத்தவர்களுக்கும் பகை மூண்டு, கோட்டை முற்றுகையிடப்பட்டு, 1764 அக்டோபரில் அவர் தூக்கிலிடப்பட்டார். நம் காலத்து ஒப்பந்தங்கள் நல்ல வேளையாக வக்கீல் நோட்டீஸோடு முடிந்துவிடுகின்றன.

ஆயினும் காண்ட்ராக்ட் என்றாலே தீது என்பது என் கட்சியன்று. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் மலையை விட்டு மதுரைக்குப் புறப்படும்போது உண்டியல்களும் வண்டிகளில் கூடவே போகின்றன. வண்டியைத் தள்ளுகிறவர் கூலிக்கு வந்தவராயிருந்தால் தோஷமில்லை, சாவி கோயில் நிர்வாகத்தின் கையில் இருந்தால் போதும். அதுபோல, கேட்பு நோட்டீஸை அச்சடிப்பது, வீடுதோறும் கொடுப்பது, வசூல் மையத்தில் உட்கார்ந்து பணம் வாங்கி ரசீது தருவது, கணினியைப் பழுதின்றி வைத்திருப்பது ஆகிய காரியங்களை யார் செய்தாலும் பாதகமில்லை. இங்கிலாந்தில் பிரெக்லாண்ட் முதலிய ஸ்தல சபைகள் தத்தம் தன்மையை இழக்காமலே வரிப் பிரிவை மட்டும் ஆங்கிலியா வருவாய்க் கூட்டமைப்பு என்ற பெயரில் பொதுவாக நடத்துகின்றன. ஊராட்சியை அழிக்காமல் அதன் வரிக்கணக்கை மட்டும் அடுத்த ஊராட்சிகளோடு சேர்ப்பதும் ஒரு வழி என்பதை நம்மவர்கள் ஏனோ அதிகம் பேசுவதில்லை.

விட்டுக்கொடுக்கக் கூடாதது வரிவிதிப்பு: கட்டடத்தை அளப்பது, குடியிருப்பா வணிகமா என்று தீர்மானிப்பது, அதைப் பதிவேட்டில் ஏற்றுவது. மதுரை மாநகராட்சியில் 2025-இல் நாடெங்கும் பேசப்பட்ட சொத்துவரி விவகாரம் இந்த இடத்தில்தான் எழுந்தது. பெரிய கட்டடங்களுக்கு அதிகாரிகளின் கடவுச்சொல்லைக் கொண்டே கணினியில் வரியைக் குறைத்துப் பதிந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. பலர் கைதானார்கள், ஜூலையில் மண்டலத் தலைவர்களும், அக்டோபரில் மேயரும் பதவி விலகினார்கள். யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் சொல்லும். ஆனால் பழைய நாளில், கையால் எழுதிய லெட்ஜரில் எண்ணைத் திருத்தினால் மையின் நிறமாவது காட்டிக்கொடுக்கும். இங்கே பில் கலெக்டர், வருவாய் ஆய்வாளர், உதவி ஆணையர் என்று படிப்படியாக வைத்த மேற்பார்வையெல்லாம், கடவுச்சொல் கைமாறினால் ஒரே நாற்காலியில் அடங்கிவிடுகிறது. மண்டலங்களை இன்னும் பெரிதாக்கினால் நாற்காலியின் பெறுமதியும் பெரிதாகும். ஊராட்சிகளைச் சேர்க்க விரும்புகிறவர்கள் முதலில் யோசிக்கவேண்டிய சங்கதி இது.

இதற்கு ஒரு பரிகாரம் உண்டு. கிராம சபை இப்போது வருஷத்தில் ஆறு முறை கூடுகிறது. நகரங்களிலும் 2022 நவம்பரிலிருந்து பகுதி சபைகள் நடக்கின்றன. வரவுசெலவு வாசிக்கிற அதே கூட்டத்தில், அந்தந்தப் பகுதியின் ஒவ்வொரு கட்டடத்துக்கும் குறித்திருக்கிற சதுர அடியையும் உபயோகத்தையும் வரியையும் வாசித்துவிட்டு, பட்டியலை அலுவலகச் சுவரில் ஒட்டிவைத்தால் போதும். நாலு மாடி லாட்ஜைக் குடியிருப்பு என்று எழுதியிருந்தால், எதிர்வீட்டுக்காரர் எழுந்து கேட்டுவிடுவார்.