பிங்கர்டன் என்னும் இசைத்தட்டு



1904-ம் வருஷம் பிப்ரவரி 17-ந் தேதி, மிலான் நகரத்து லா ஸ்காலா அரங்கில் புச்சினியின் ‘மடாமா பட்டர்ஃபிளை’ என்னும் இசைநாடகம் அரங்கேறியபோது, சபையோர் கூச்சலிட்டும் கேலி செய்தும் அதை அவமானப்படுத்தினார்கள்; அவரோ நாடகத்தைத் திருத்தி, அதே வருஷம் மே மாதத்தில் பிரெஷியா நகரில் மேடையேற்றி ஜயம் பெற்றார். அந்நாடகத்தில் ஜப்பானியப் பெண்ணொருத்தியை மணந்து கைவிட்டுப் போகும் பிங்கர்டன் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரியின் பெயரைத்தான், தொண்ணூற்றிரண்டு வருஷங்களுக்குப் பின், லாஸ் ஏஞ்சலீஸைச் சேர்ந்த ‘வீசர்’ என்னும் ஆல்டர்நேட்டிவ் ராக் குழு தன் இரண்டாவது ஆல்பத்துக்குச் சூட்டியது. பெயரோடு நாடகத்தின் தலைவிதியும் வந்து ஒட்டிக்கொண்டதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

1994-ல் வந்த முதல் ஆல்பத்தால் பெரும் புகழ் அடைந்த குழுத்தலைவர் ரிவர்ஸ் குவோமோ, பிறவியிலேயே குட்டையாயிருந்த ஒரு காலை நீட்டுவதற்குச் சிகிச்சை செய்துகொண்டு, இரும்புச் சட்டம் பூட்டிய அந்தக் காலோடு ஹார்வர்டு சர்வகலாசாலையில் மாணவராகச் சேர்ந்தார். வலியும் தனிமையும் சூழ்ந்த அந்நாட்களில், புச்சினியின் சங்கீதத்தில் தோய்ந்து, தம்மையே அந்த இரக்கமற்ற பிங்கர்டனாகப் பாவித்து அவர் பாடல்கள் புனைந்தார். ஜப்பானிலிருந்து முகமறியாத ரசிகை எழுதிய கடிதம்கூட ஒரு பாட்டாயிற்று. தயாரிப்பாளர் எவரையும் அமர்த்தாமல் குழுவினர் தாமே பதிவு செய்தபடியால், கிதாரின் கரகரப்பும் குரலின் தழுதழுப்பும் மெருகேறாமல் அப்படியே நின்றன. மேலுறையில் ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் மரச்செதுக்கு ஓவியம்: கம்பாரா என்னும் ஊரில், பனி கொட்டும் இரவில், சிலர் குனிந்தபடி நடக்கிறார்கள். உள்ளேயிருக்கும் பாடல்களின் மனோபாவத்தை இதைவிடப் பொருத்தமாகக் காட்டும் சித்திரம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

1996 செப்டம்பரில் ஆல்பம் வெளிவந்தது. ஆசையையும் சுயநலத்தையும் இப்படிப் பகிரங்கமாகக் கொட்டலாமா என்று விமர்சகர் சிலர் முகம் சுளித்தார்கள். ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகையின் வாசகர்களோ அவ்வருஷத்து மிக மோசமான ஆல்பங்களுள் ஒன்றாக அதைத் தேர்ந்தார்கள். சில பாடல்களின் சுயநலம் என்னையும் உறுத்துகிறது. ஆனால் தம் குற்றத்தை அழகுபடுத்தாமல் சொன்ன ஒருவரை, சொன்னதற்காகவே தண்டிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. மனமுடைந்த குவோமோ, அது தம் வாழ்வில் நேர்ந்த பிழையென்று தாமே தள்ளிவைத்தார். அடுத்த ஆல்பம் வர ஐந்து வருஷங்கள் ஆயின.

புச்சினி திருத்தி எழுதினார். இந்த ஆல்பத்திலோ ஒரு சுரமும் மாறவில்லை. அதைக் கேட்டு வளர்ந்த இளைஞர்கள் தங்கள் சங்கோசத்தையும் ஏக்கத்தையும் அதில் அடையாளம் கண்டுகொள்ள, 2002-ல் அதே பத்திரிகையின் வாசகர்கள் எக்காலத்துக்கும் சிறந்த ஆல்பங்களின் வரிசையில் அதற்குப் பதினாறாம் இடம் தந்தார்கள். 2010-ல், தாம் ஒருகாலத்தில் வெறுத்த அந்தப் பாடல்களை முதலிலிருந்து கடைசிவரை மேடையில் பாடுவதற்காக, குவோமோ தம் குழுவோடு ஊர் ஊராகப் புறப்பட்டார்.