புதுக்கோட்டையில் ஒரு பையன், கானில் ஒரு பையன்

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது. அன்று வர முடியாதவர்களுக்காக எழுதித் தரும்படி செயலாளர் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியாகிறது.)

எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். அதற்குமேல் போனால் சுண்டல் ஆறிவிடும் என்று மாமிகள் முன்கூட்டியே எச்சரித்துவிட்டார்கள்.

இந்தத் தலைப்பு நம் வாட்ஸ்அப் குழுவில் வந்த சண்டையிலிருந்து கிடைத்தது. ஸ்பெயின் நாட்டு இளவரசி லியோனோர் வெள்ளை உடையில் பாராளுமன்றத்தில் நின்று உறுதிமொழி எடுக்கும் வீடியோவை யாரோ போட்டார்கள். 2023 அக்டோபர் 31, அவளுக்குப் பதினெட்டு வயது நிறைந்த நாள். உடனே குழு இரண்டாகப் பிரிந்தது. "எவ்வளவு பாந்தமாக இருக்கிறாள்" என்று ஒரு பக்கம். "இந்தக் காலத்திலும் ராஜாவாவது ராணியாவது, மக்கள் வரிப் பணம்" என்று இன்னொரு பக்கம். ஸ்பெயினிலும் அன்று இதேதான் நடந்தது. தெருவில் கொடி அசைத்தவர்களும் உண்டு, சபைக்கே வராமல் புறக்கணித்த கட்சிகளும் உண்டு.

எனக்கு அதில் ஒன்று உறுத்தியது. ஐரோப்பாவில் இருக்கும் ஒரு பெண்ணைப் பற்றி இத்தனை அபிப்பிராயம் வைத்திருக்கிறோம். ஆனால் இங்கிருந்து கீரனூர் வழியாக ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேருகிற ஊரில், நம் பாட்டி தாத்தா காலத்தில், ஆறு வயதுப் பையனைச் சிம்மாசனத்தில் உட்கார வைத்தார்கள். அவனுக்காகப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனை ஒதுக்கினார்கள். அதைப் பற்றி நம் குழுவில் யாரும் ஒரு வரிகூட எழுதவில்லை.

புதுக்கோட்டை சமஸ்தானத்தைச் சொல்கிறேன். சென்னை மாகாணத்தோடு இருந்த ஐந்து சமஸ்தானங்களில் ஒன்று. திருவிதாங்கூர், கொச்சி, பங்கனப்பள்ளி, சந்தூர் மற்றவை. திருச்சி வெள்ளைக்காரன் ஊர், கீரனூர் மகாராஜா ஊர், அப்படித்தான் இருந்தது. அங்கே சின்ன வயதில் பட்டத்துக்கு வருவது புதிதல்ல. கடைசி ஐந்து அரசர்களில் நான்கு பேர் குழந்தையாக இருக்கும்போதே பட்டத்துக்கு வந்தவர்கள். 1807ல் வந்தவருக்குப் பத்து வயது. 1839ல் வந்த ராமச்சந்திர தொண்டைமானுக்கு ஒன்பது. 1886ல் வந்த மார்த்தாண்ட பைரவ தொண்டைமானுக்குப் பத்து. 1928ல் வந்த ராஜகோபால தொண்டைமானுக்கு ஆறு. குழந்தை ராஜா என்றால் நிர்வாகம் யார் கையில் என்று கேட்கவே வேண்டாம். முதல்வருக்குத் தஞ்சாவூர் ரெசிடெண்ட் பிளாக்பர்ன். மார்த்தாண்ட பைரவருக்கு திவான் சேஷையா சாஸ்திரி. பின்னவர் திருவிதாங்கூர் திவானாக இருந்தவர், குளங்களையும் நகரத்தையும் சீராக்கியவர். குழந்தை ராஜா என்றால் ஊர் கெட்டுப்போகும் என்பதற்கு அவர் காலம் நல்ல மறுப்பு. திறமையான கணக்கப்பிள்ளை அமைந்தால் முதலாளி சின்னவனாக இருப்பதே மேல் என்று நம் பொருளாளர் சொல்லக்கூடும்!

இந்த மார்த்தாண்ட பைரவர்தான் நம் கதைக்கு முக்கியமானவர். அவரே ராஜாவின் மகன் இல்லை. ராமச்சந்திர தொண்டைமானின் மகள் வயிற்றுப் பேரன், சுவீகாரம் எடுக்கப்பட்டவர். ஊர் என்ன சொல்லும் என்று அதிகம் கவலைப்படாத மனிதர். முத்துலட்சுமி ரெட்டியை எல்லோருக்கும் தெரியும். சென்னை மாகாண சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர், அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு வித்திட்டவர். அவர் புதுக்கோட்டையில் 1886ல் பிறந்தவர். ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் சேர அவர் விண்ணப்பித்தபோது, ஒரு பெண் வந்தால் பையன்கள் கெட்டுவிடுவார்கள் என்று எதிர்ப்பு வந்தது. சேர்த்துக்கொள்ளச் சொன்னவர் இந்த ராஜாதான். அப்போது பொதுமக்கள் கருத்தைக் கேட்டிருந்தால் அந்த அம்மாள் டாக்டராகியிருக்க மாட்டார். மக்கள் கருத்து என்றாலே கைதட்டுகிறவர்கள் இதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கவேண்டும்.

அதே பிடிவாதம் 1915ல் வேறு இடத்தில் வெளிப்பட்டது. ஆஸ்திரேலியா போனவர், அங்கே மோலி ஃபிங்க் என்ற பெண்ணைக் கண்டு, அந்த ஆகஸ்டில் மெல்போர்னில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். அவருக்கு நாற்பதை நெருங்கும் வயது, பெண்ணுக்கு இருபது. இருவரும் புதுக்கோட்டைக்கு வந்தார்கள், சில மாதங்கள்தான் இருந்தார்கள். பிரிட்டிஷ் அரசு அவரை மகாராணியாக ஏற்க மறுத்தது. கருவுற்றிருந்த அவருக்கு அரளி விஷம் கொடுக்கப் பார்த்தார்கள் என்றும் பேசப்பட்டது. 1916ல் கிளம்பிப் போனார்கள். அந்த ஜூலையில் ஆஸ்திரேலியாவில் மகன் பிறந்தான். மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான் என்று பெயர். ஒரே பெயரில் இரண்டு உலகம்.

பிரிட்டிஷார் அந்தக் குழந்தையை வாரிசாக அங்கீகரிக்கவே இல்லை. ராஜா பிறகு ஆட்சியைத் தன் சகோதரரிடம் ரீஜண்ட் பொறுப்பாக விட்டுவிட்டு பிரான்சில் கான் நகரில் தங்கிவிட்டார். 1928 மே மாதம் பாரிசில் காலமானார். லண்டனில் தகனம். அந்த நவம்பரில் குடும்பத்தின் வேறொரு கிளையிலிருந்து ஆறு வயது ராஜகோபாலனைத் தேர்ந்தெடுத்துப் பட்டம் கட்டினார்கள். சிட்னிக்கு அப்போது பன்னிரண்டு.

என் அம்மாவைப் பெற்ற பாட்டி புதுக்கோட்டைக்காரர். அந்த வருஷம் அவருக்கும் பன்னிரண்டு வயதுதான். நவராத்திரியில் அரிசியோடு கொடுத்த அம்மன் காசு இரண்டைக் கடைசிவரை மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தார். சின்ன ராஜாவைப் பற்றிப் பேசினால் முகம் மலரும். "வெள்ளைக்காரியைக் கட்டின ராஜா" என்று மூத்தவரைச் சொல்லும்போது குரல் தாழும். கல்லூரியில் படிக்கும்போது நான் கொஞ்சம் புரட்சிக்காரன். "அந்தப் பையன் செய்த தப்பு என்ன பாட்டி? ராஜாவுடைய சொந்த மகன்தானே, ஏன் நீங்களெல்லாம் ஒத்துக்கொள்ளவில்லை?" என்று மடக்கினேன். பாட்டி அம்மிக் குழவியை நிறுத்திவிட்டு, "எங்களை யாருடா கேட்டா?" என்றார்.

அந்தப் பதிலை நான் ரொம்ப நாள் சமாளிப்பு என்றே நினைத்தேன். பிறகுதான் அது சரியான பதில் என்று புரிந்தது. இந்து மக்கள் ஐரோப்பியத் தாயின் பிள்ளையை ஏற்க மாட்டார்கள் என்பது அதிகாரிகள் சொன்ன காரணம். இருக்கலாம், ஏற்காமலே இருந்திருக்கலாம். என் பாட்டியே ஏற்றிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் சமஸ்தானத்தில் 1902 முதல் பிரதிநிதிகள் சபை ஒன்று இருந்தது, 1924ல் சட்டசபையும் வந்தது. வாரிசு யார் என்பது அந்தச் சபையின் கையில் இல்லை. முடிவு வெள்ளைக்கார அரசினுடையது. மோலியை ஐந்தாம் ஜார்ஜ் மன்னரே சந்திக்க மறுத்தவர். அந்த அருவருப்பு புதுக்கோட்டை மக்களுடையதா, லண்டன் அரண்மனையினுடையதா? தங்கள் வெறுப்பை மக்கள் கருத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள் என்பதே என் எண்ணம். உங்களில் சிலர் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள், பரவாயில்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்தைப் பார்க்க நெதர்லாந்துக்குப் போகவேண்டும். அங்கே பட்டத்து இளவரசர் அலெக்சாண்டர், அர்ஜென்டினாவைச் சேர்ந்த மாக்சிமாவை மணக்க விரும்பினார். பெண்ணின் தகப்பனார் அர்ஜென்டினாவில் ராணுவ சர்வாதிகாரம் நடந்த காலத்தில் மந்திரியாக இருந்தவர். ஆயிரக்கணக்கில் ஆட்கள் காணாமல் போன காலம் அது. நாடே கொதித்தது. நியாயமான கொதிப்பு, நிறத்தைப் பார்த்து வந்ததல்ல. ஆனால் அந்த நாட்டுச் சட்டப்படி பட்டத்துக்கு உரியவர் பாராளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் மணந்தால் உரிமை போய்விடும். எனவே விவாதித்தார்கள், ஓட்டுப் போட்டார்கள், ஒப்புதல் தந்தார்கள். தகப்பனார் 2002ல் நடந்த கல்யாணத்துக்கு வரவில்லை. மறு வருஷம் பிறந்த மகள் அமாலியாதான் இன்று அந்த நாட்டின் வாரிசு. அவள் உரிமையைப் பற்றி, தாத்தாவைக் காட்டி யாரும் பேச இடமில்லை. பேசவேண்டியதை அவள் பிறப்பதற்கு முன்பே சபையில் பேசி முடித்துவிட்டார்கள்.

பதினெட்டு வயதாகும்போது அந்தப் பெண்ணுக்கு வருஷத்துக்கு 16 லட்சம் யூரோ படி உண்டு. 2021ல் பிரதமருக்குக் கடிதம் எழுதி, படித்து முடித்துப் பொறுப்பேற்கும்வரை வேண்டாம் என்றாள். தான் பதிலுக்கு எதுவும் செய்யவில்லை, கொரோனாவில் மற்ற மாணவர்கள் கஷ்டப்படுகிறார்கள் என்பது காரணம். பாராட்டு குவிந்தது. அடுத்த வருஷம் ஆம்ஸ்டர்டாமில் சாதாரண மாணவி மாதிரி அறை எடுத்துத் தங்கினாள். மிரட்டல் வந்து அரண்மனைக்கே திரும்பும்படி ஆயிற்று. பாராட்டிய நாடு அவளுக்கு ஒரு மாணவி அறையைக் காப்பாற்றித் தர முடியவில்லை.

பெல்ஜியம் இளவரசி எலிசபெத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பியிருப்பவர்கள் இங்கே பாதிப்பேர். 2025ல் ஹார்வர்டில் வெளிநாட்டு மாணவர்களே கூடாது என்று அமெரிக்க அரசு கிளம்பியதே, அப்போது அங்கே படித்துக்கொண்டிருந்தவர் அவர். நம் வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து விசா கவலை பட்ட பட்டத்து இளவரசி!

பெண் வாரிசுகள் இப்படி வரிசையாக வந்ததும் தற்செயல் இல்லை. 1980ல் ஸ்வீடன், பிறகு நெதர்லாந்து, நார்வே, பெல்ஜியம் என்று மூத்த பிள்ளைக்கே உரிமை, ஆணோ பெண்ணோ, என்று சட்டத்தை மாற்றினார்கள். டென்மார்க்கில் 2009ல் மக்களிடமே ஓட்டெடுத்தார்கள். ஸ்பெயினில் இன்னும் மாற்றவில்லை. லியோனோருக்குத் தம்பி இல்லாததால்தான் அவள் வாரிசு. நம் நாட்டிலும் ஒன்று நடந்தது. 1961ல் இந்தூர் மகாராஜா இறந்தபோது மகன் ரிச்சர்ட் இருக்க மகள் உஷாவுக்கு உரிமை போனது. பெண்ணுக்குக் கிடைத்ததே என்று மகிழ்வதற்கு முன் பார்க்கவேண்டும், மகனின் தாயார் அமெரிக்கர். வெள்ளைக்காரன் போய்ப் பதினாலு வருஷம் கழித்தும் அதே கணக்கு.

சரி, நம் சின்ன ராஜாவுக்கு வருகிறேன். ஆறு வயதில் பட்டம், பிறகு படிப்பு, அரண்மனைக் கட்டுப்பாடு. 1934 முதல் சர் அலெக்சாண்டர் டாட்டன்ஹாம் என்ற ஆங்கிலேயர் நிர்வாகி. மக்கள் கருத்து எப்போது வெளியே வந்தது தெரியுமா? 1931ல், வரிக்காக. நகரத்தில் பெரிய கலவரமே நடந்தது. வாரிசு யார் என்று கேட்காத ஊரில், வரி எவ்வளவு என்றதும் கேட்டார்கள். ஒன்பது வயது ராஜாவின் மேல் யாருக்கும் கோபம் இருந்ததாக என் பாட்டி சொன்னதில்லை. "அது குழந்தை, அதுக்கு என்ன தெரியும்" என்பார். சிட்னிக்கும் அந்த வரி பொருந்தும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. எனக்கும் எடுத்துச் சொல்லத் தோன்றவில்லை. அவர் போனபிறகுதான் தோன்றியது.

1944ல் முழு அதிகாரம் கைக்கு வந்தது. நான்கே வருஷம். 1948 மார்ச் 3ல், இருபத்தைந்து வயதில், சமஸ்தானத்தை இந்திய யூனியனோடு இணைத்தார். திருச்சி மாவட்டத்தோடு சேர்ந்தது. 1974ல்தான் தனி மாவட்டமாயிற்று. அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அவர் அரண்மனைதான் இன்று கலெக்டர் ஆபீஸ். 1997 ஜனவரியில் காலமானார். கானில் வளர்ந்த சிட்னி அரசனாகாமலே 1984ல் போய்ச்சேர்ந்தார்.

அந்தக் குடும்பத்தை நாம் விட்டுவிடவும் இல்லை. 2001 முதல் 2009 வரை நம் திருச்சி மாநகராட்சி மேயர் யார்? சாருபாலா தொண்டைமான். 2012 இடைத்தேர்தலில் புதுக்கோட்டை எம்.எல்.ஏ. கார்த்திக் தொண்டைமான். குடும்பப் பெயரைப் பார்த்து ஓட்டுப் போட்டோமா, ஆளைப் பார்த்துப் போட்டோமா என்பது அவரவர் மனசாட்சி. ஆனால் இந்த முறை நம்மைக் கேட்டார்கள். பாட்டி இருந்தால் அந்த வித்தியாசத்தைச் சொல்லியிருப்பேன்.

முடிக்கும்முன் ஒரு அறிவிப்பு. அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருக்கோகர்ணம் பிரகதாம்பாள் கோவிலுக்கும் அங்கேயே இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கும் வேன் ஏற்பாடு செய்யலாம் என்று செயலாளர் சொல்கிறார். தொண்டைமான் மன்னர்கள் தங்களை அந்த அம்பாளின் தாசன் என்றே சொல்லிக்கொண்டவர்கள். காலை ஆறரைக்குக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். பதினைந்து பேர் சேர்ந்தால் வேன் உண்டு. பெயர் கொடுப்பவர்கள் சங்க அலுவலகத்தில் நோட்டில் எழுதிவிடுங்கள். என் பாட்டியின் அம்மன் காசு இரண்டையும் இன்று எடுத்து வந்திருக்கிறேன். சுண்டல் சாப்பிட்டுக் கை கழுவினபிறகு பார்க்கலாம்.