மணிச்சத்துக்கு எட்டும் வேர்

திருக்கழுக்குன்றம் பக்கத்துச் செம்மண் மேட்டில் வேர்க்கடலை விதைக்கும்போது, அடியுரம் என்றாலே பலருக்கும் டிஏபி மூட்டைதான் நினைவுக்கு வருகிறது. அதில் நூற்றுக்கு 46 பங்கு மணிச்சத்து. ஆனால் போட்ட பருவத்திலேயே பயிருக்குச் சேர்வது பெரும்பாலும் அதில் கால் பங்குகூட இல்லை. மீதி எங்கும் ஓடிவிடுவதில்லை. செம்மண்ணின் இரும்பும் அலுமினியமும் அதை இறுகப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. மணிச்சத்து தண்ணீரோடு எளிதில் நகர்ந்து வருவதும் இல்லை. சுற்றிலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் உள்ளதை உறிஞ்சி முடித்ததும் வேர் பட்டினி கிடக்கிறது. சத்து இல்லாததைவிட, இருப்பது எட்டாததே இந்த மண்ணின் பெரிய குறை என்பேன்.

வேர்க்கடலைக்கு இந்தக் குறை இரட்டிப்பு. மற்றச் செடிகளுக்கு வேர் நெடுக இருக்கும் மெல்லிய தூவிகள், கடலைக்குக் கிளைவேர் பிரியும் கக்கத்தில் கொத்தாக முளைப்பதோடு சரி. தூவிகளின் வேலையைக் கடலைக்குச் செய்து தருவது வேர் உட்பூசணம். உழவர் 'வேம்' என்று கேட்டு வாங்குவது இதைத்தான். வேரின் செல்லுக்குள்ளே குட்டி மரம்போலக் கிளைக்கும் இது, வெளியே தலைமுடியைவிட மெல்லிய இழைகளைப் பல சென்டிமீட்டர் தூரம் ஓட்டி, வேர் நுழையாத மண் இடுக்கிலிருந்தும் மணிச்சத்தைக் கொண்டுவருகிறது. கூலியாகச் செடி சர்க்கரை தருகிறது. துவரையின் வழி வேறு. அதன் வேரில் கசியும் பிசிடிக் அமிலம் இரும்பைப் பற்றிக்கொள்ள, மணிச்சத்து விடுபடுகிறது. ஹைதராபாத் அருகே பட்டான்செருவிலுள்ள இக்ரிசாட் ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் 1990-இல் இதை வெளியிட்டார்கள். கடலைக்கு நடுவே துவரை வரிசை விடும் நம் வழக்கத்துக்கு இது நல்ல ஆதாரம்.

பூசணம் மணிச்சத்தை உண்டாக்குமா என்று கேட்டால், உண்டாக்காது. அறுவடையில் வெளியேறுவதைத் தொழுவுரமாகவோ உரமாகவோ திருப்பித் தந்தே ஆகவேண்டும். வேம் போட்டும் பலனில்லை என்பாரும் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மணிச்சத்து மிகுந்த நிலத்தில் செடி பூசணத்தை நாடுவதில்லை. தண்ணீர் கட்டிய நெல் வயலிலோ, இரும்பு பிடித்திருந்தது சேற்றில் தானே இளகுகிறது. காற்றில்லாத அந்தச் சேற்றில் பூசணமும் தழைக்காது. அதற்கு ஏற்ற இடம் மானாவாரி மேடும், மாமல்லபுரம் கரையோர மணலில் நடப்போகும் சவுக்கின் நாற்றங்காலும். டிஏபிக்கு வேண்டிய மூலப்பொருளில் பெரும்பகுதியை இந்தியா வெளிநாட்டிலிருந்து விலைகொடுத்து வாங்குகிறது. ஆகவே அதை வீணாக்காமலிருக்க, விதைப்புக்கு முன் ஒரு பிடி மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். எத்தனை மூட்டை என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்.