கடலுக்குள் ஒரு நல்ல தண்ணிக் கிணறு

லீவு விட்டாச்சு, "எங்கயாவது கூட்டிட்டுப் போங்க"ன்னு வீட்டுல பிள்ளைங்க நச்சரிக்க ஆரம்பிச்சிருப்பாங்க. கூடவே பர்ஸையும் பார்க்கணும் இல்லையா? அதனால் இன்றைக்கு, நுழைவுக் கட்டணம் இல்லாத ஒரு கடற்கரையைப் பற்றி உங்களிடம் பேசப் போகிறேன். ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடம் பக்கத்தில் இருக்கும் வில்லூண்டி தீர்த்தம்.

ராமேஸ்வரம் போகிற பலரும் கோயில், தனுஷ்கோடி இரண்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் திரும்பினேன். அடுத்த தடவை அக்கா குடும்பத்தோடு போனபோதுதான் இங்கே வண்டியை நிறுத்தினோம். கரையிலிருந்து கடலுக்குள் ஒரு நடைபாதை நீள்கிறது. அதன் முனையில் ஒரு கிணறு, சுற்றிலும் கடல். அக்கா பையனுக்கு ஆறு வயசு. ஒரு கை கடல் தண்ணியை வாயில் வைத்துவிட்டுத் துப்பினான். அடுத்து வாளியில் இறைத்த கிணற்றுத் தண்ணியை ஒரு வாய் குடித்தான். "சித்தி, இதுல உப்பே இல்ல! யாரு இங்க கொண்டாந்து ஊத்துனாங்க?" என்றான்.

சீதையின் தாகம் தீர்க்க ராமர் வில்லை ஊன்றிய இடம் என்பது தலபுராணக் கதை. வில் ஊன்றி, வில்லூண்டி ஆகிவிட்டது. பையன் கேட்ட கேள்விக்கு இன்னொரு பதிலும் உண்டு. ஊற்றியது மழை.

தீவு முழுக்க மணல். பெய்கிற மழை ஓடிப்போகாமல் அப்படியே கீழே இறங்கிவிடும். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட எடை குறைவு. அதனால் மணலுக்கு அடியில் உப்பு நீரின் மேல் மிதந்தபடி, மெல்ல மெல்லக் கடலை நோக்கி நகரும். அது வெளியே வரும் இடத்தில் கிணறு அமைந்தால் கடலுக்கு நடுவிலும் நல்ல தண்ணீர் கிடைக்கும். தனுஷ்கோடியில் மீனவக் குடும்பங்கள் கடலுக்குப் பக்கத்திலேயே மணலைத் தோண்டி ஊற்று நீர் எடுப்பதும் இதே கணக்குதான். தங்கச்சிமடம் மல்லிகை நாற்று வெளியூர்த் தோட்டங்களுக்கெல்லாம் போகிறதே, அதுவும் இந்த மணல் மண்ணில் வளர்வதுதான்.

இதில் ஒரு சிக்கல் இருக்கு. நிலத்தடி நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை உப்பு நீரைத் தள்ளி வைக்கும் என்பது நீரியலில் பழைய கணக்கு. மேலே 1 மீட்டர் குறைந்தால்? காலப்போக்கில் கீழேயிருந்து உப்பு 40 மீட்டர் ஏறி வரும். ஏறிய உப்பை இறக்குவது லேசான காரியம் இல்லை. கடலோரத்தில் வீடு, விடுதி வைத்திருப்பவர்கள் இதை இன்னொரு தடவை படியுங்கள். போர் மோட்டாரை ஓட்டும்போதும், மழைநீர்க் குழாய் அடைத்துக் கிடக்கும்போதும் இந்த 40 ஞாபகம் வரட்டும்.

சுற்றிப் பார்க்கப் போகிற நமக்கு வேலை அதிகம் இல்லை. கிணற்றோரம் நின்று சோப்பு, ஷாம்பு போடாதீங்க. காசு, பூ, விளக்குத் திரி எதையும் உள்ளே போடாதீங்க. குடித்துப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் தித்திப்பாக இருந்தால் சுத்தமாகத்தான் இருக்கும் என்று அர்த்தம் இல்லை. கைக்குழந்தைகளுக்கு வீட்டிலிருந்து காய்ச்சிய தண்ணீர் கொண்டு போங்க. மஞ்சப்பை ஒன்று கையில் இருக்கட்டும். தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் கப் எல்லாம் 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் தடை.

இப்போ கடல். தீவின் வடபக்கம் பாக் விரிகுடா, அலை குறைவு. தென்பக்கம் மன்னார் வளைகுடா. வடக்கே இருப்பதைப் பெண் கடல், தெற்கே இருப்பதை ஆண் கடல் என்பார்கள் இங்குள்ள மீனவர்கள். (பெயர் வைத்தவர் எங்க அக்காவுக்குக் கோபம் வந்து பார்த்ததில்லை போல.) வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இந்தப் பெண் கடலும் சீறும். புயல் எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்க.

அலை இல்லாததுதான் ஆபத்தே. நாங்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தோம். பையன் கரையோரம் முழங்கால் தண்ணியில் நடந்தான். கொஞ்ச தூரம் போயும் முழங்கால்தான். அப்புறம் இடுப்பு. அலை அடித்திருந்தால் பயந்து திரும்பியிருப்பான். தண்ணி இறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர்தான், "ஏம்மா, பிள்ளையைப் பாக்க மாட்டீங்களா?" என்று சத்தம் போட்டார். என் போனில் அந்த செல்ஃபி இன்னும் இருக்கு. எல்லாரும் சிரிக்கிறோம், பின்னால் தூரத்தில் சின்னதாக அவன் தலை. நீங்கள் போகும்போது பெரியவர் ஒருவர் முறை வைத்து, போனைப் பைக்குள் போட்டுவிட்டுப் பிள்ளைகளை மட்டும் பாருங்க.

சொறி மீன், அதாங்க ஜெல்லி மீன், பட்டுவிட்டால் கிணற்றுத் தண்ணியை ஊற்றாதீங்க. தேய்க்கவும் கூடாது. நல்ல தண்ணி பட்டால் விஷம் கூடுதலாக இறங்கும். கடல் தண்ணியாலேயே அலசிவிட்டு மருத்துவமனைக்குப் போங்க.

கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் குழுமம் 1093, ஆம்புலன்ஸ் 108, பிள்ளையைக் காணவில்லை என்றால் 112 அல்லது 1098. போவதற்கு முன்பே போனில் சேமித்து வைத்துவிடுங்க. விளக்கு எரியவில்லை, குப்பை அள்ளவில்லை என்ற மாதிரி குறை இருந்தால் முதல்வரின் முகவரி 1100-க்குச் சொல்லலாம்.

போகிற வழி சுலபம். ராமநாதபுரத்திலிருந்து வந்தால் பாம்பன் பாலம் தாண்டி, பாம்பன், அடுத்து தங்கச்சிமடம். ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 7 கிலோமீட்டர். சாதாரண கட்டண நகரப் பேருந்து என்றால் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. மெயின் ரோட்டில் இறங்கி வடக்கே கடலைப் பார்த்துத் திரும்புங்கள். ஆட்டோவில் ஏறுவதாக இருந்தால் முதலில் கட்டணத்தைப் பேசிவிடுங்கள். மதிய வெயிலில் மணல் சுடும், நிழலும் குறைவு. காலையிலோ, வெயில் தாழ்ந்தோ போய், இருட்டுவதற்குள் கிளம்பிவிடுங்க.