யந்திரம் நம் வீட்டில், சாவி அவன் கையில்!

(கொடும்பாளூரில் நடந்த மில் தொழிலாளர் – விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்று ஒரு விளையாட்டுச் சாமானைப் பற்றி உங்களிடம் பேசப் போகிறேன். "கூலியைப் பற்றிப் பேசுவார் என்று பார்த்தால் விளையாட்டைப் பற்றிப் பேசுகிறாரே" என்று சிலர் நினைக்கலாம். சற்றுப் பொறுங்கள். அமெரிக்காவில் ஒரு விளையாட்டு யந்திரத்துக்கு நேர்ந்த கதிக்கும், கண்மாய்க் கரையில் நமக்கு ஹாஜர் போடும் செல்போனுக்கும், ரேஷன் கடையில் விரலை வைக்கச் சொல்லும் மெஷினுக்கும் நெருங்கிய சம்பந்தம் இருக்கிறது. அந்தச் சம்பந்தத்தைப் பிடித்துக்கொண்டால், நாம் எங்கே அடிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

மைக்ரோசாஃப்ட் என்று ஒரு கம்பெனி. உலகத்தின் மிகப் பெரிய ஏகபோகக் கம்பெனிகளில் ஒன்று. டி.வி. பெட்டியோடு இணைத்து விளையாடும் யந்திரம் ஒன்றை அது விற்கிறது, பெயர் எக்ஸ்பாக்ஸ். 2013 மே 21 அன்று அதில் புதிய மாதிரி ஒன்று வரப்போகிறது என்று அறிவித்தார்கள். விலை 499 டாலர். அன்றைய கணக்கில் ஏறக்குறைய 29,000 ரூபாய். விளையாட்டு அடங்கிய தகட்டுக்குத் தனி விலை.

ஜூன் 6 அன்று நிபந்தனைகள் வெளிவந்தன. இந்த யந்திரம் 24 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது இன்டர்நெட் வழியாகக் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குத் தகவல் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் விளையாட்டு நின்றுவிடும். காசு கொடுத்து வாங்கிய தகடு கையில் இருந்தாலும் நின்றுவிடும். நண்பன் வீட்டு யந்திரத்தில் உன் கணக்கை வைத்து விளையாடினால் ஒரு மணி நேரம்தான் தவணை. தகட்டை நண்பனுக்குக் கொடுக்க வேண்டுமா? அவன் உன் பட்டியலில் குறைந்தது 30 நாள் இருந்திருக்க வேண்டும்; அதுவும் ஒரே ஒரு முறைதான் கொடுக்கலாம்.

இதை நம் பாஷையில் சொல்கிறேன். பட்டறையில் காசு கொடுத்து ஒரு மண்வெட்டி வாங்குகிறோம். தினமும் விடிந்ததும் பட்டறைக்காரனிடம் போய், "ஐயா, இன்றைக்கு வெட்டலாமா?" என்று கேட்க வேண்டும். அவன் வீடு பூட்டிக் கிடந்தால் அன்றைக்கு மண்வெட்டி வெட்டாது. மழையில் பாதை அறுந்து போய்ச் சேர முடியவில்லை என்றாலும் வெட்டாது. பக்கத்து வயல்காரனுக்கு இரவல் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் மழுங்கிவிடும். இதற்குப் பெயர் விற்பனையா? மண்வெட்டி நம் தோளில் இருக்கிறது. ஆனால் அதன் மூச்சு அவன் கையில் இருக்கிறது!

பதிமூன்று நாளில் பின்வாங்கிய கம்பெனி

விளையாடுகிறவர்கள் கொதித்துப்போனார்கள். வாங்க மாட்டோம் என்றார்கள். நீர்மூழ்கிக் கப்பலில் மாதக்கணக்கில் கடலுக்குள் இருக்கும் சிப்பாய் எங்கே போய் இன்டர்நெட் தேடுவான் என்று கேட்டார்கள். அந்தப் பிரிவின் தலைவராக இருந்த டான் மேட்ரிக் என்ன பதில் சொன்னார் தெரியுமா? இணைப்பு இல்லாதவர்களுக்குத் தங்களிடம் பழைய மாதிரி யந்திரம் இருக்கிறதே என்றார். சோறு இல்லாதவன் பழையதைத் தின்னட்டும் என்ற ஜமீன் குரல்தான் அது.

இதற்கிடையில் ஜூன் 10 அன்று சோனி என்ற ஜப்பான் கம்பெனி முந்திக்கொண்டது. தங்கள் யந்திரத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, விலையும் 399 டாலர்தான் என்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மேடையேறி அறிவித்தது. கூட்டம் ஆரவாரம் செய்தது. ஜூன் 19 அன்று மைக்ரோசாஃப்ட் தன் நிபந்தனைகளை வாபஸ் வாங்கியது. நிபந்தனை வெளிவந்து பதிமூன்றே நாள்!

தோழர்களே, இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோனி முதலாளிக்கு ஜனங்கள்மேல் திடீரென்று இரக்கம் பிறந்துவிடவில்லை. எதிரிக் கடையில் கூட்டம் முணுமுணுத்ததும் தன் கடைக் கதவைத் திறந்து வைத்தான். அவ்வளவுதான். மைக்ரோசாஃப்டும் மனம் திருந்திப் பின்வாங்கவில்லை. வாடிக்கைக்காரன் எதிர்க் கடைக்குப் போய்விடுவான் என்று பயந்து பின்வாங்கியது.

அப்படிக் கிடைத்த வெற்றி நிலைத்ததா? முழுக்க நிலைக்கவில்லை. வாசல் வழியாக வெளியேற்றிய பேயை முதலாளிகள் ஜன்னல் வழியாக அழைத்து வந்தார்கள். யுபிசாஃப்ட் என்ற பிரெஞ்சுக் கம்பெனி 'தி க்ரூ' என்ற விளையாட்டை விற்றது. 2024 மார்ச் கடைசியில் அதை இயக்கும் தன் கம்ப்யூட்டர்களை நிறுத்திவிட்டது. காசு கொடுத்து வாங்கியவர் கையில் இருந்த விளையாட்டு அன்றோடு செத்தது. இதை எதிர்த்து ஐரோப்பாவில் ஒரு கையெழுத்து இயக்கம் எழுந்தது. 2025 ஜூலைக்குள் 10 லட்சத்துக்கு மேல் கையெழுத்துச் சேர்ந்தது. "விற்ற பொருளைக் கொல்லாதே" என்பதுதான் கோரிக்கையின் சாரம். ஆக, வாங்குகிறவனின் கோபம் ஒரு நாள் ஜெயிக்கிறது. அமைப்பு இல்லாவிட்டால் மறுநாளே தோற்கிறது.

கண்மாய்க் கரைக்கு வருவோம்

இனி நம் கதை. 2005-ல் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டத்தை நாம் நூறு நாள் வேலை என்று சொல்கிறோம். அது யாரும் போட்ட பிச்சை அல்ல. இடதுசாரிகளின் ஆதரவை நம்பி ஒரு சர்க்கார் டில்லியில் நடந்துகொண்டிருந்த காலத்தில், நாடெங்கும் எழுந்த கிளர்ச்சியின் பலனாக வந்த உரிமை.

அந்த உரிமைக்கு நடுவே ஒரு செல்போனைக் கொண்டுவந்து வைத்தார்கள். என்.எம்.எம்.எஸ். என்ற செயலி. 2022 மே மாதம் 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் கட்டாயம் என்றார்கள். 2023 ஜனவரி 1 முதல் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் கட்டாயம் என்றார்கள். பணித்தளப் பொறுப்பாளர் ஒரு நாளைக்கு இரண்டு தடவை போட்டோ எடுக்க வேண்டும்; நேரமும் இடமும் அதில் பதிவாக வேண்டும்; அது மேலே போய்ச் சேர வேண்டும்.

போய்ச் சேராவிட்டால்? டவர் இல்லை, போனில் சார்ஜ் இல்லை, செயலி திறக்கவில்லை, சர்வர் வேலை செய்யவில்லை – காரணம் எதுவானாலும் தண்டனை யாருக்கு? டில்லியில் சர்வர் வைத்திருப்பவனுக்கா? செயலி எழுதியவனுக்கா? இல்லை. காலையில் கஞ்சித் தூக்கோடு வந்து வெயிலில் மண் சுமந்த தாய்க்கு! வெட்டிய மண் கரையில் கிடக்கிறது. அதைக் கண்ணால் பார்க்கலாம், காலால் மிதிக்கலாம். ஆனால் போட்டோ போய்ச் சேராததால் அவர் வேலைக்கே வரவில்லை என்று யந்திரம் சொல்கிறது. 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த நாள்கூலி 336 ரூபாய். அந்த 336 ரூபாய் காற்றில் போகிறது.

திருட்டைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு என்றார்கள். தடுத்ததா? 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. வேலைக்குச் சம்பந்தமில்லாத போட்டோக்கள் ஏற்றப்படுகின்றன, போட்டோவையே போட்டோ பிடித்து அனுப்புகிறார்கள் என்று அதில் ஒப்புக்கொண்டது. ஊராட்சி அளவில் ஒவ்வொரு போட்டோவையும் ஆள் வைத்துச் சரிபார்க்க வேண்டும் என்று உத்தரவிட்டது. திருடன் யந்திரத்தை ஏமாற்றிவிட்டான்; உழைத்தவன் யந்திரத்திடம் ஏமாந்தான். கடைசியில் மறுபடியும் மனிதக் கண்தான் வேண்டியிருந்தது.

2023 பிப்ரவரியில் பல மாநிலத் தொழிலாளர்கள் டில்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்து இந்தச் செயலியை எதிர்த்துத் தர்ணா செய்தார்கள். சர்க்கார் காது கொடுக்கவில்லை. 2025 டிசம்பரில் பழைய சட்டத்தையே மாற்றிப் புதிய சட்டத்தைப் பார்லிமெண்டில் நிறைவேற்றினார்கள். 125 நாள் என்று வாயில் சொல்லிவிட்டு, கூலிச் செலவில் பெரும்பாலான மாநிலங்களின் தலையில் 40 சதவீதத்தைக் கட்டினார்கள். விதைப்பு, அறுவடைக் காலத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம் என்றார்கள். கைரேகையும் செல்போன் கண்காணிப்பும் இப்போது சட்டத்துக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துவிட்டன.

ரேஷன் கடையில் என்ன? களை பறித்து, கல் சுமந்து, ரேகை தேய்ந்த விரல் நம்முடையது. மெஷின் அதை ஏற்பதில்லை. உழைத்த அடையாளமே அரிசிக்குத் தடையாகிறது! ஜார்கண்ட் மாநிலம் சிம்டேகா மாவட்டத்தில் 2017 செப்டம்பரில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாரோடு இணைக்கவில்லை என்று அந்தக் குடும்பத்தின் ரேஷன் அட்டையை நீக்கியிருந்தார்கள். சோறு கேட்டபடியே மகள் செத்தாள் என்று தாய் அழுதாள். மலேரியா என்று அதிகாரிகள் சொன்னார்கள். நோய் எதுவானாலும், அந்த வீட்டுக்கு அரிசி போகவில்லை என்பதை யார் மறுக்க முடியும்?

மில் தோழர்களே, உங்கள் கேட்டிலும் விரல் வைக்கும் மெஷின் இருக்கிறது. ஐந்து நிமிஷம் தாமதமானால் அது குறித்துக்கொள்கிறது. ஷிப்டு முடிந்தும் உங்களை நிறுத்தி வைத்த நேரத்தை அது குறித்ததா என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. ஏனென்றால் கணக்கு உள்ளே இருக்கிறது, நீங்கள் வெளியே இருக்கிறீர்கள்.

நமக்கு எதிர்க் கடை இல்லை

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். விளையாட்டுக்காரனுக்கு எதிரே இன்னொரு கடை இருந்தது. "உன் யந்திரம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு நடந்தான், கம்பெனி பணிந்தது. நமக்கு எதிர்க் கடை எங்கே? ரேஷன் கடை ஒன்றுதான். நூறு நாள் வேலைக்கு இன்னொரு சர்க்கார் கிடையாது. "உன் அரிசி வேண்டாம்" என்று நாம் சொன்னால் அவனுக்கு மிச்சம், நமக்குப் பட்டினி. அதனால் தனித்தனியாக முகம் சுளித்துவிட்டு வீடு திரும்புவதால் நமக்கு ஒன்றும் நடக்காது. விளையாட்டுக்காரனுக்கு எதிர்க் கடை செய்த வேலையை நமக்குச் சங்கம்தான் செய்ய வேண்டும்.

யந்திரத்துக்கு நாம் விரோதிகளா? இல்லை. யந்திரம் மனிதன் மூளையும் கையும் சேர்ந்து படைத்தது. அளவுகோல் யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. கீழத்தஞ்சையில் பண்ணையார் கூலி நெல் அளந்தது தன் சொந்த மரக்காலில். அது அவன் விருப்பத்துக்குச் சுருங்கும். 1940-களில் பி. சீனிவாச ராவ் தலைமையில் செங்கொடியின் கீழ் திரண்ட பண்ணையாட்கள் மரக்காலை உடைக்கச் சொல்லவில்லை. "முத்திரை போட்ட மரக்காலில் அள!" என்றார்கள். அன்றைய மரக்கால்தான் இன்றைய சர்வர்.

இந்த ஊரில் மூவர் கோயிலைப் பாருங்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன் பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேள் தலைவன் கட்டியது. அவன் பெருமை கல்லில் இருக்கிறது. கிரந்த எழுத்தில், சமஸ்கிருதத்தில். அந்தக் கல்லைச் சுமந்தவர்களின் பெயர் அதில் இல்லை. இருந்திருந்தாலும் அவர்களால் அதை வாசித்திருக்க முடியாது. ஆளுகிறவன் கணக்கு எப்போதும் உழைக்கிறவனுக்குப் புரியாத எழுத்தில்தான் இருக்கும். அன்று கல்லில் இருந்தது, இன்று சர்வரில் இருக்கிறது. நாம் கேட்பது நமக்குப் புரியும் எழுத்தில், நம் கையில் ஒரு நகல்.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. வேலைத்தளத்தில் காகித வருகைப் பதிவேடு இருக்க வேண்டும். செல்போன் தவறினால் அதுவே சாட்சி. வேலை அட்டையில் அன்றைக்கு அன்றே பதிய வேண்டும். யந்திரக் கோளாறின் நஷ்டம் ஒருபோதும் தொழிலாளி தலையில் விழக் கூடாது. ரேஷன் கடையில் ரேகை விழாவிட்டால், நெட்வொர்க் இல்லாவிட்டால், நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அன்றே அரிசி கொடுக்க வேண்டும். மில்லில் ஒவ்வொரு மாதமும் மெஷினில் பதிவான நேரக் கணக்கைத் தமிழில் அச்சிட்டுத் தொழிலாளி கையில் கொடுக்க வேண்டும்.

கோரிக்கை எழுதிவிட்டுக் காத்திருந்தால் போதாது. நாளைக் காலையே ஆரம்பியுங்கள். ஒவ்வொரு வேலைக் குழுவும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, இடம், செய்த வேலை, வந்தவர் பெயர் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். எழுதத் தெரியாதவர் ரேகை வையுங்கள். அந்த ரேகையை ஏற்க எந்த சர்வரும் வேண்டாம். ஒருவருக்கு ஒரு நாள் கூலி விடுபட்டால் ஒருவராகப் போகாதீர்கள். குழு முழுவதும் நோட்டோடு ஒன்றிய அலுவலகத்துக்குப் போங்கள். மனுக் கொடுத்து ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். மே 1 அன்று ஊர்தோறும் கிராம சபை கூடும். அது நம் தினம். அன்று இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். மில் தோழர்கள் அந்தக் கூட்டத்தில் நம் தாய்மார்களின் பக்கத்தில் நிற்க வேண்டும். மில் கேட்டில் பிரச்சினை வரும்போது விவசாயத் தொழிலாளர்கள் அங்கே வந்து நிற்க வேண்டும்.

பொழுதுபோக்குச் சாமான் ஒன்றுக்காகக் கோபப்பட்டவர்கள் உலகப் பெரும் கம்பெனியைப் பதிமூன்று நாளில் பணிய வைத்தார்கள். நாம் கேட்பது சோறு, கூலி, செய்த வேலைக்குக் கணக்கு. நம் கோபம் நியாயமானது. அதற்கு இனி வேண்டியது ஒழுங்கு, ஒற்றுமை, ஒரு நாற்பது பக்க நோட்டு.

தொழிலாளர் – விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!