பூட்டிய அலமாரியும் புதிய வாசகரும்

(சித்தூரில் நூலகப் பணியாளர்களும் கல்லூரி மாணவர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் நூலகவியல் கற்றவனல்லன். பொருளாதாரம் படித்து, அரசுப் பணியில் நெடுங்காலமாகக் கணக்குகளைப் பார்த்து வருபவன். ஆகவே நூலகத்தையும் ஒரு முதலீடாகவே பார்க்கிறேன். அணையைக் கட்டி, வாய்க்கால் வெட்டாமல் விட்டால் தேங்கிய நீரால் வயலுக்கு என்ன பயன்? நூல்களை வாங்கி அலமாரியில் அடுக்கிவைப்பதும் அத்தகையதே. அந்த வாய்க்காலைப் பற்றியே இன்று சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

வரி செலுத்துவோரின் உரிமை

சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்தபோது, 1948-ஆம் ஆண்டில் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம் அதுவேயாகும். 1953-இல் ஆந்திர மாநிலம் அமைந்தது. பின்னர் 1960-இல் ஆந்திரப் பிரதேசப் பொது நூலகச் சட்டம் வந்து, மாவட்டந்தோறும் ‘ஜில்லா கிரந்தாலய சம்ஸ்தா’ ஏற்பட்டது. வீட்டு வரியோடு ரூபாய்க்கு 8 காசு நூலக வரியாக வசூலிக்கப்படுகிறது. நகராட்சிகளும் ஊராட்சிகளும் அதனை வசூலித்துச் சம்ஸ்தாவிடம் சேர்ப்பிக்க வேண்டும்.

இதன் பொருள் என்ன? குப்பத்தில் ஓட்டு வீட்டுக்கு வரி கட்டும் விவசாயியும், நகரியில் விசைத்தறி ஓட்டும் தொழிலாளியும் நூலகத்தின் பங்குதாரர்கள். நூலகம் அவர்களுக்குச் செய்வது உபகாரமன்று. பெற்ற தொகைக்குச் செலுத்த வேண்டிய கடன். அவர்களால் நூலகத்திற்கு வர இயலாவிட்டால், நூலகம் அவர்களிடம் செல்ல வேண்டும்.

எழுத்தறிவுக்குப் பின்

1990-இல் இம்மாவட்டத்தில் ‘அட்சர தபஸ்மான்’ என்னும் முழு எழுத்தறிவு இயக்கம் தொடங்கியதைப் பலர் அறிவீர்கள். அண்டை நெல்லூர் மாவட்டத்தில், எழுத்தறிவு வகுப்பில் படித்த பாடமொன்று சாராயத்தைப் பற்றிச் சிந்திக்கவைத்தது. தூபகுண்டா கிராமப் பெண்கள் தொடங்கிய போராட்டம் 1992-இல் சித்தூர் உள்ளிட்ட பிற மாவட்டங்களுக்கும் பரவியது. 1993 அக்டோபர் முதல் நாளன்று மாநிலத்தில் சாராய விற்பனை தடை செய்யப்பட்டது. எழுத்து கைக்கு வந்தால் எளிய மக்கள் அதனை எதற்குப் பயன்படுத்துவர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஆனால், கற்ற எழுத்து பழகாவிட்டால் மறந்துபோகும். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி சித்தூர் மாவட்டத்தில் எழுத்தறிவு பெற்றோர் ஏறத்தாழ 72 விழுக்காட்டினர். அவர்களுள் எத்தனை பேர் கைக்குப் படிக்கத்தக்க நூல் எட்டுகிறது என்பதே நாம் எழுப்ப வேண்டிய வினா.

பூட்டு ஏன்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிளை நூலகத்திற்குச் சென்றிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். நாளிதழ் மேசையைச் சுற்றிக் கூட்டம் இருந்தது. நூல் அலமாரிகளோ பூட்டியிருந்தன. காரணம் கேட்டேன். “ஐயா, ஒரு புத்தகம் குறைந்தாலும் தணிக்கையில் நான்தான் பதில் சொல்ல வேண்டும். யாரும் படிக்கவில்லையென்று இதுவரை எவரும் என்னைக் கேட்டதில்லை,” என்றார் அப்பணியாளர். அவர்மீது குறை காண என்னால் இயலவில்லை. நாங்கள் வகுத்த கணக்குமுறை அவருக்குக் கற்பித்த பாடம் அது.

மத்திய அரசு நூலகங்களுக்கான விதி இவ்வளவு கடுமையானதன்று. 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின்படி, ஓராண்டில் வழங்கப்பட்ட அல்லது பார்வையிடப்பட்ட 1,000 நூல்களுக்கு 5 நூல்கள் வரை இழப்பு நேர்வது இயல்பெனக் கொள்ளலாம்; நேர்மையின்மையோ கவனக்குறைவோ அதற்குக் காரணமாக இருத்தல் கூடாது. இங்கே நுட்பமான ஒன்றைக் கவனியுங்கள். இருப்பில் உள்ள நூல்களை வைத்து இவ்வரம்பு கணக்கிடப்படுவதில்லை. பயன்பட்ட நூல்களை வைத்தே கணக்கிடப்படுகிறது. அதிகம் வழங்கும் நூலகருக்கு அதிகப் பாதுகாப்பு. இந்நோக்கு ஒவ்வொரு கிளை நூலகத்தையும் எட்ட வேண்டும். ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில் இருப்புக் கணக்கிற்குப் பதிலாக வழங்கல் கணக்கு இடம்பெற வேண்டும்.

வண்டியும் படகும்

நூல் பயன்படுவதற்கே உள்ளது என்பதைத் தம் முதல் விதியாக வைத்தவர் டாக்டர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1931 அக்டோபரில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை அமைத்த மாட்டுவண்டி நூலகத்தை அவரே தொடங்கிவைத்தார். 1935-இல் பாதூரி நாகபூஷணம் கிருஷ்ணா டெல்டாக் கால்வாயில் படகு நூலகம் நடத்தினார். சாலையும் மின்சாரமும் அரிதாயிருந்த காலத்தில் அவர்கள் செய்ததை, பேருந்து செல்லாத ஊர் அரிதாகிவிட்ட இக்காலத்தில் நாம் செய்ய இயலாதா?

இளைஞர் ஆற்றக்கூடிய பணி

திருப்பதியில் 1954-இல் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகமும், 1983-இல் பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும் நிறுவப்பட்டன. விடுதிகளில் தங்கிப் பயில்வோர் பலர். நகர நூலகங்களுக்கு வரும் இளைஞருட் பெரும்பாலோர் போட்டித் தேர்வுக்கான தம் சொந்த நூல்களுடன் வந்து, மின்விசிறிக்கடியில் அமர்ந்து படித்துச் செல்கின்றனர். இதனைத் தவறென்று கூறேன். அமைதியான இடம் வீட்டில் இல்லாதோர் அவர்கள். அவர்களையே நூலகத்தின் தூதர்களாக ஆக்குதல் வேண்டும். தமிழ்நாட்டில் நூலகத்திற்கு வர இயலாதோரிடம் தன்னார்வலர்கள் நூல்களைக் கொண்டு சேர்க்கும் ‘நூலக நண்பர்கள்’ திட்டம் இவ்வகையில் நல்ல முன்மாதிரியாகும்.

மூன்று யோசனைகளை முன்வைக்கிறேன். முதலாவது, விடுமுறையில் ஊர் செல்லும் மாணவரிடம் இருபது நூல்களைப் பதிவுசெய்து கொடுத்தனுப்புங்கள். இரண்டாவது, மக்கள் தாமே கூடும் இடங்களைத் தேடுங்கள். பலமனேர்ப் பக்கத்துப் பால் கொள்முதல் நிலையத்தில் பெண்கள் வரிசையில் நிற்கும் நேரம் வாசிப்புக்கு உகந்தது. மூன்றாவது, சித்தூர், நகரி, சத்தியவேடு பகுதிகளில் தெலுங்கும் தமிழும் ஒரே தெருவில் பேசப்படுகின்றன; ஒரே பெட்டியில் இரு மொழி நூல்களும் செல்லட்டும். பாட்டி தமிழில் கேட்ட கதையைப் பேத்தி தெலுங்கில் படிக்கக்கூடும்.

இவற்றுக்குப் புதிய கட்டடமோ பெருந்தொகையோ தேவையில்லை. உரிய வரி உரிய காலத்தில் சம்ஸ்தாவைச் சென்றடைய வேண்டும். நூலகரின் அச்சம் நீங்க வேண்டும். முன்னதற்கு உள்ளாட்சி அதிகாரிகளும், பின்னதற்கு என் போன்ற கணக்கதிகாரிகளும் பொறுப்பு. இவ்வாண்டு நவம்பர் 14-இல் நூலக வாரம் தொடங்கும்போது, விழா மேடைக்கு முன்னதாக அலமாரியின் பூட்டைத் திறந்துவைக்குமாறு கேட்டு, என் உரையை முடித்துக்கொள்கிறேன்.