முகக்கவசமும் ஒரு நாள் சம்பளமும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

"இஞ்சினியர் வந்து பியூட்டி பார்லரைப் பத்திப் பேசப் போறானாம்" என்று பின் வரிசையில் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள். ஆனால் பாதுகாப்பு பற்றி நான் கற்ற பெரிய பாடம் அங்கேதான் கிடைத்தது.

என் அண்ணி சென்னையில் சிறிய பார்லர் ஒன்று நடத்துகிறார். கொரோனா ஊரடங்கில் மூடிய கடையை 2020 ஜூன் 1 முதல் திறக்க அனுமதி வந்தது. "தம்பி, நீங்க படிச்சவங்க. என்னென்ன செய்யணும்னு எழுதிக் கொடுங்க" என்றார்.

இரண்டு பக்கம் எழுதினேன். ஆளுக்கொரு துண்டு. கத்தரியை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவி, பிறகு 70 சதவீத ஆல்கஹாலில் துடைக்க வேண்டும். ப்ளீச்சிங் கரைசலை வேறு எதனுடனும் கலக்கக் கூடாது. ஜன்னல் திறந்திருக்க வேண்டும். எல்லோருக்கும் முகக்கவசம்.

படித்துவிட்டு அண்ணி ஒரே கேள்விதான் கேட்டார்: "எல்லாம் சரி தம்பி. வேலை செய்யற பொண்ணுக்குக் காய்ச்சல் வந்தா? சம்பளம் போயிடும்னு அவ வாயே திறக்க மாட்டாளே!"

எனக்குப் பதில் வரவில்லை.

அடுத்த மாதம் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கை ஒன்றைப் படித்தேன். மிசௌரி மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், 2020 மே மாதம், ஒரு முடிதிருத்தகத்தில் கொரோனா அறிகுறி தொடங்கிய பிறகும் இரண்டு ஊழியர்கள் வேலைக்கு வந்திருக்கிறார்கள். 139 வாடிக்கையாளர்களைத் தொட்டு வேலை செய்திருக்கிறார்கள். நகர விதிப்படி இரு தரப்பாரும் முகக்கவசம் அணிந்திருந்தனர். அந்த 139 பேரில் யாருக்கும் அறிகுறி வரவில்லை. பரிசோதனைக்கு முன்வந்த 67 பேருக்கும் தொற்று இல்லை. மீதி 72 பேர் பரிசோதித்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கைதட்டாதீங்க, இது பாதிக் கதைதான். வாடிக்கையாளர் இல்லாத இடைவேளையில் அந்த இருவரும் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுப் பழகியிருக்கிறார்கள். முதலாமவருக்கு அறிகுறி வந்த மூன்றாம் நாள் அடுத்தவருக்கும் வந்தது. முதலாமவரின் கணவர் உட்பட நெருங்கிய நான்கு பேருக்கும் தொற்றியது. நாற்காலியில் உட்கார்ந்தவர் தப்பினார். சொந்த வீடு தப்பவில்லை.

அண்ணி என் பட்டியலின் அடியில் தன் கையாலேயே ஒரு வரி எழுதினார்: "உடம்பு சரியில்லை என்று சொன்னால் சம்பளத்தோடு லீவு."

ஆகஸ்டில் ஒரு நாள் காலை அந்தப் பெண் போன் செய்தாள்: "அக்கா, தொண்டை வலிக்குது, வரலை." அன்றைய வருமானம் போயிற்று. பரிசோதனையில் அவளுக்குக் கொரோனா என்று தெரிந்தது. அவள் வேலைக்கு வந்திருந்தால்? நினைத்தாலே பயமாக இருக்கிறது.

தம்பி தங்கைகளே, நாளை நீங்கள் பாய்லருக்கும் பாலத்துக்கும் பாதுகாப்பு விதி எழுதப் போகிறீர்கள். எழுதி முடித்ததும் என் அண்ணியின் கேள்வியையும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.